கருகிய மோட்டாருக்கு மறுவாழ்வு

சகோதரிகளே! இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் 'உர்ர்...' என்று ஒரு தடவை உறுமிவிட்டு நின்றுபோன அனுபவம் உங்களுக்கு உண்டா? அதைத் தொடர்ந்து ஒரு நாற்றம் வருமே! பழைய துணி எரிந்த வாடையா, மீன் கருகிய வாடையா என்று சொல்ல முடியாத நாற்றம். அந்த நாற்றம் வந்துவிட்டால் சமாசாரம் முடிந்தது என்று அர்த்தம். மோட்டாருக்குள் இருக்கும் காயில் வெந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் அக்காவுக்குச் சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இதுதான் நேர்ந்தது. அவர் மாவு அரைத்து விற்பவர். முப்பது வீடுகளுக்கு வாடிக்கை. இரண்டு குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் வீட்டு வாடகையும் அந்தக் கிரைண்டரின் குழவியைச் சுற்றித்தான் சுழல்கின்றன. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்கு நாற்பது கிலோ மாவு தருவதாக முன்பணம் வேறு வாங்கியிருந்தார்.

"அம்மிணி, இனி என்ன பண்ணுவேன்? புது மோட்டாருக்குக் கையில காசு இல்லையே!" என்று மாடியேறி வந்து நின்றார்.

எனக்கு ஊர் கோயமுத்தூர். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மோட்டாரைக் கண்டால் பயம் வராது. 1932-ல் பைக்காராவில் நீர்மின்சாரம் பிறந்தது. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரை இங்கேதான் செய்தார்கள். 1955-ல் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரை அறிமுகம் செய்ததும் இதே ஊரில்தான். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் தோள் கொடுத்து ஓய்ந்த நம் பாட்டிமார் அந்த மனிதருக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை உள்ள ஊர் இது. என் அப்பாவும் அந்தத் தொழில்தான் செய்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்கு நூலும் நாடாவும் எடுத்துக் கொடுத்த கை இது.

"கவலைப்படாதீங்கக்கா. நாமே கட்டிப் பார்ப்போம்" என்றேன். சொன்ன பிறகுதான் கொஞ்சம் உதறல் எடுத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதானே!

முதலில், வியாதி எது என்று பார்க்கவேண்டும். மோட்டார் ஓடவில்லை என்றாலே காயில் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. பெல்ட்டைக் கழற்றி, ஒரு குச்சியால் கப்பியைத் தள்ளிவிட்டால் ஓட ஆரம்பிக்கிறது என்றால், பெரும்பாலும் குற்றவாளி கண்டென்சர்தான். சின்னத் தகர டப்பா மாதிரி இருக்குமே, அது. அதை மாற்றினால் போதும். கையால் சுற்றினாலே கரகரவென்று பிடிக்கிறதென்றால் பேரிங். இரண்டும் இல்லாமல் நாற்றமும் புகையும் வந்திருந்தால்தான் காயில்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். மிக்ஸியின் மோட்டார் வேறு சாதி. அதில் கரித்துண்டு இருக்கும். சுற்றும் பாகத்திலும் கம்பி இருக்கும். இன்று நான் சொல்வது கிரைண்டர், பம்ப் ஆகியவற்றில் உள்ள இண்டக்ஷன் மோட்டாரைப் பற்றி. நம் வீட்டுச் சாதாரண மின்விசிறிகள் பலவும் இந்த ஜாதிதான்.

இந்த மோட்டாரின் விந்தை என்ன தெரியுமா? சுற்றும் பாகத்துக்கு மின்சாரக் கம்பியே போவதில்லை! வெளியே நிற்கும் பாகத்துக்கு ஸ்டேட்டர் என்று பெயர். உள்ளே சுற்றுவது ரோட்டார். ஸ்டேட்டரின் காயில்களில் மின்சாரம் பாயும்போது ஒரு காந்த சக்தி பிறந்து வட்டமாகச் சுற்றி வருகிறது. அந்தக் காந்தம் ரோட்டாரில் உள்ள அலுமினியப் பட்டைகளில் தானாகவே மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831-ல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த தத்துவம் இது. அதை வைத்து மோட்டார் செய்து 1888-ல் உரிமைப் பத்திரம் பெற்றவர் நிகோலா டெஸ்லா.

தேர்த் திருவிழாவில் தேருக்குப் பின்னால் ஓடும் பையனைப் பார்த்திருக்கிறீர்களா? தேர் நகர நகர இவனும் ஓடுவான், ஒருபோதும் முந்தமாட்டான். ரோட்டாரும் அப்படித்தான். அக்காவின் மோட்டாரில் காந்தம் நிமிஷத்துக்கு 1500 சுற்று வருகிறது. ரோட்டார் வருவது 1440 சுற்று. அந்த 60 சுற்று வித்தியாசம் இருப்பதால்தான் அதற்கு இழுவை. எட்டிப் பிடித்துவிட்டால் இழுவையே இராது!

அது சரி, காயில் ஏன் இரண்டு வகை? வீட்டுக்கு வரும் ஒற்றை பேஸ் மின்சாரத்தை ஒரே காயிலில் விட்டால் காந்தம் தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடுமே தவிர, சுற்றாது. திருகைக் கல்லை எதிரெதிரே உட்கார்ந்து இருவர் கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றுவது உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி, ரன்னிங் காயில் ஒரு கை, ஸ்டார்ட்டிங் காயில் மறு கை. இரண்டும் ஒரே சமயத்தில் தள்ளாமல், ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகத் தள்ளும்படி பார்த்துக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை.

இனி வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டதா? அது போதாது. கண்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும். ஒரு குண்டு பல்பின் ஹோல்டரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை அதன் இரு முனைகளிலும் வைத்து, அதைத் தீர்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

மோட்டாரைத் திறந்தோம். காயில் முழுவதும் காப்பிக் கொட்டை வறுத்ததுபோல் கறுத்திருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

சகோதரிகளே, இந்த வேலையில் பாதி நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பழைய காயிலைக் குறித்துக்கொள்ளாமல் வெட்டிவிட்டால், சமையல் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு மைசூர்பாகு கிளறுவது மாதிரிதான். கைபேசியில் நாலா பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, கம்பி உட்காரும் காடிகளை எண்ணுங்கள். கடைக்காரர்கள் இதை ஸ்லாட் என்பார்கள். அக்காவின் மோட்டாரில் 24 ஸ்லாட், நான்கு துருவம். ஆகவே துருவத்துக்கு 6 ஸ்லாட்.

ரன்னிங் காயிலில் ஒரு துருவத்துக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு காயில்கள். பெரியது 1-லிருந்து 6-க்கு. சிறியது 2-லிருந்து 5-க்கு. அடுத்த துருவம் 7-லிருந்து 12, 8-லிருந்து 11. இப்படியே நான்கு. இதில் 3, 4, 9, 10, 15, 16, 21, 22 ஆகிய ஸ்லாட்டுகள் காலியாக இருக்கின்றன அல்லவா? அவைதான் ஸ்டார்ட்டிங் காயிலுக்கு. 4-லிருந்து 9, 10-லிருந்து 15, 16-லிருந்து 21, 22-லிருந்து 3. கோலத்துக்குப் புள்ளி வைத்தவர்களுக்கு இது ஒரு பெரிய கணக்கா? அக்காவின் பெண் எட்டாவது படிக்கிறாள். அவள்தான் இதைக் காகிதத்தில் வட்டமாக வரைந்து, ரன்னிங்கிற்குச் சிவப்பும் ஸ்டார்ட்டிங்கிற்குப் பச்சையும் தீட்டினாள்.

உங்கள் மோட்டாரில் கணக்கு வேறாக இருக்கலாம். ஆகையால் என் எண்ணிக்கையை எழுதிக்கொள்ளாதீர்கள். உங்கள் மோட்டாரைக் கேளுங்கள். அதுவே சொல்லும்.

பழைய காயிலின் ஒரு பக்கத்துத் தலையை உளியால் வெட்டி, மறு பக்கமாக இழுத்து எடுத்தோம். சிலர் அவசரத்துக்கு அடுப்பில் போட்டு எரிப்பார்கள். கூடவே கூடாது. அந்தப் புகை நஞ்சு. அதோடு ஸ்டேட்டர் என்பது மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கியது. தகட்டுக்குத் தகடு ஒரு மெல்லிய பூச்சு உண்டு. தீயில் அது போய்விட்டால், புதுக் காயில் கட்டினாலும் மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கும். மிகப் பழைய மோட்டாராக இருந்தால் உள்ளே கல்நார் இருக்கவும் கூடும். அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு காயிலைப் பிரித்துச் சுற்றுக்களை எண்ணினோம். பெரிய ரன்னிங் காயில் 100 சுற்று, சிறியது 70, ஸ்டார்ட்டிங் 180. கம்பியின் மேல் உள்ள எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் அளந்தால் ரன்னிங் 0.71 மில்லிமீட்டர், அதாவது 22 கேஜ். ஸ்டார்ட்டிங் 0.51 மில்லிமீட்டர்; 25 கேஜ். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை மறக்காதீர்கள். எடுத்த கம்பியைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருந்தது. புதுக் கம்பியும் அதே எடைக்கு வந்தால் எண்ணிக்கையில் பெரிய பிசகு இல்லை என்று தைரியமாக இருக்கலாம்.

கடையில் கம்பி வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே செம்பு நிறம் தெரியவேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மேலே பூசிய எனாமலின் நிறம் ஏமாற்றிவிடும். அதே பருமனில் அலுமினியக் கம்பி, செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் மின்சாரத்தைத் தடுக்கும். அந்தத் தடை அத்தனையும் சூடாக மாறும்.

ஸ்லாட்டுகளைத் துடைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இன்சுலேஷன் காகிதத்தை மடித்து வைத்தோம். இரு முனைகளிலும் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரும்புக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் பாதுகாப்பு இந்தக் காகிதம்தான். இதில் கஞ்சத்தனம் செய்தால் உயிருக்கே ஆபத்து.

பிறகு மரச்சட்டத்தில் காயில் சுற்றும் வேலை. நான் சுற்றினேன், அக்கா எண்ணினார். பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. பத்துக் கொட்டை சேர்ந்தால் நூறு. ரன்னிங்கிற்கு 680, ஸ்டார்ட்டிங்கிற்கு 720. ஆக மொத்தம் 1400 சுற்று. நடுவே யாரோ மாவு கேட்டு வந்து கூப்பிட, எண்ணிக்கை தவறிவிட்டது. "எழுபதா, எண்பதா?" என்று ஒருவரையொருவர் பார்த்து விழித்தோம். என் அப்பா இருந்திருந்தால் சந்தேகப்பட்ட காயிலைப் பிரித்துவிடு என்பார். பிரித்தோம், மறுபடி சுற்றினோம்.

காயிலை ஸ்லாட்டில் இறக்குவதைக் குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல் செய்யவேண்டும். இரண்டு மூன்று இழையாக, மூங்கில் குச்சியால் மெதுவாக உள்ளே தள்ளவேண்டும். இரும்பு ஆயுதம் கூடாது. எனாமலில் நகக்கீறல் விழுந்தாலும் அங்கே ஒரு நாள் தீ பிடிக்கும். எல்லாம் உட்கார்ந்ததும் மேலே காகிதம் மூடி, மூங்கில் ஆப்பு செருகி, ரன்னிங்கிற்கும் ஸ்டார்ட்டிங்கிற்கும் நடுவே ஒரு காகிதம் வைத்து, பருத்தி நாடாவால் கட்டினோம்.

காயில்களை இணைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கத்துப் பக்கத்துத் துருவங்கள் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வரவேண்டும். அதற்கு ஒன்றின் முடிவை அடுத்ததின் முடிவோடும், அதன் ஆரம்பத்தை அதற்கடுத்ததின் ஆரம்பத்தோடும் சேர்க்கவேண்டும். சேர்த்த இடத்தில் எனாமலைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவ் மாட்டினோம். சரியாகச் சேர்த்தோமா என்று எப்படித் தெரியும்? ரன்னிங் காயிலின் இரு முனைகளில் 6 வோல்ட் பாட்டரியைச் சற்று நேரம் இணைத்து, ஸ்டேட்டருக்குள் ஒரு திசைகாட்டியைச் சுற்றிக் கொண்டுவந்தாள் அக்காவின் பெண்.

"வடக்கு... தெற்கு... தெற்கு... ஐயோ, இதுவும் தெற்கு!" என்றாள்.

மூன்றாவது துருவத்தைத் தலைகீழாகச் சேர்த்திருக்கிறேன்! இரண்டு முனைகளை மாற்றியதும் சரியாகிவிட்டது. எட்டாவது படிக்கும் பெண்ணிடம் தோற்றுப்போவதிலும் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

அடுத்து ஓம் கணக்கு. மீட்டரில் ரன்னிங் காயில் 8 ஓம் காட்டியது, ஸ்டார்ட்டிங் 18. மெல்லிய கம்பிக்குத் தடை அதிகம் என்பதால் இப்படித்தான் வரவேண்டும். மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளுக்குள் சில சுற்றுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. விடிந்தால் நிச்சயதார்த்தம். அக்கா அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிட்டார்!

"கண்ணு, இதுக்கு மேல என்ன இருக்கு? ராத்திரிக்கு ஓட்டிக்கலாம். வார்னிஷ் எல்லாம் நாளைக்கு ஊத்திக்கலாமே!" என்றார்.

"இருங்கக்கா, இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு" என்று சொல்லி, தெருமுனை வைண்டிங் கடை அண்ணனிடம் மெகர் இரவல் வாங்கி வந்தேன். இது 500 வோல்ட்டைச் செலுத்திக் காயிலுக்கும் மோட்டாரின் உடம்புக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. ஒரு மெகோமுக்குக் குறைந்தால் மின்சாரம் கொடுக்கவே கூடாது. புதுக் காயில் அதைவிடப் பல மடங்கு காட்டவேண்டும்.

ரன்னிங் காயிலில் முள் நன்றாக ஏறியது. ஸ்டார்ட்டிங்கில் வைத்தேன். 0.2!

"கொஞ்சந்தானே குறையுது? ஓடாதா?" என்றார் அக்கா. அவர் குரலில் இருந்த ஏக்கம் என்னையும் அசைத்துவிட்டது. ஓடும், சகோதரிகளே! அதுதான் இதில் உள்ள பயங்கரம். அந்த மோட்டார் நன்றாக ஓடியிருக்கும், மாவும் அரைத்திருக்கும். ஈரக் கையும் ஈரத் தரையுமாகக் கிரைண்டரைத் தொடுபவர்களைத்தான் அது ஒரு நாள் தேடும்.

அப்போது அந்தப் பெண் சொன்னாள்: "அத்தை, முன்னாடியே கிரைண்டரைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குமே!"

"ஈரக் கையினால அப்படி இருக்கும்னு நானும் விட்டுட்டேன்" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரைண்டரின் பிளக்கைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று கம்பிகளில் பச்சைக் கம்பி, அதாவது எர்த், எந்த முனையிலும் சேராமல் வெட்டி மடக்கிவிடப்பட்டிருந்தது. எப்போதோ யாரோ பழுது பார்த்தவர் செய்த காரியம். இத்தனை நாளும் மோட்டார் மெல்ல மெல்லக் கசிந்து எச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால், கசிந்த மின்சாரம் அதன் வழியாகப் போயிருக்கும். அது இல்லாததால் இவர்கள் கை வழியாகப் போயிருக்கிறது!

அக்கா பெண்ணைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு 'ஓட்டிப் பார்க்கலாம்' என்ற பேச்சே எழவில்லை.

நாற்பது கிலோ மாவு என்ன ஆயிற்று என்கிறீர்களா? எங்கள் கட்டிடத்திலும் எதிர் வரிசையிலுமாகச் சேர்ந்து ஆறு வீட்டுக் கிரைண்டர்கள் அன்று ராத்திரி இரண்டு மணி வரை ஓடின. ஊறிய உளுந்தைக் குண்டானில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காலையில் மாவு பொங்கி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டார்ட்டிங் காயில்களைத் தனித்தனியாகப் பிரித்து மெகரால் பார்த்தோம். 16-லிருந்து 21-க்குப் போகும் காயில்தான் குற்றவாளி. 16-ஆம் ஸ்லாட்டின் விளிம்பில் காகிதம் கடுகளவு கிழிந்திருந்தது. புதுக் காகிதம் வைத்து, அந்த ஒரு காயிலை மட்டும் புதிதாகச் சுற்றி இறக்கினோம். இப்போது முள் 100 மெகோமைத் தாண்டியது.

பிறகு வார்னிஷ். காற்றில் உலரும் இன்சுலேஷன் வார்னிஷை காயில் முழுவதும் இறங்கும்படி ஊற்றி, வடியவிட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். கம்பிகள் அசையாமல் இறுகவும், ஈரம் ஏறாமல் இருக்கவும் இது அவசியம். சமையலறை அடுப்பிலோ கேக் சுடும் அவனிலோ காயவைக்காதீர்கள். வார்னிஷின் ஆவி தீப்பிடிக்கும். காய்ந்த பிறகு மறுபடி மெகர். மழை நாளென்றால் இந்த இரண்டாவது சோதனை இன்னும் முக்கியம்.

செவ்வாய்க்கிழமை காலை பேரிங்குகளைப் புதிதாக மாற்றி, மோட்டாரைப் பூட்டினோம். பச்சைக் கம்பியை அதற்குரிய பெரிய முனையில் அக்காவே தன் கையால் முடுக்கினார். மின்சாரம் கொடுக்கும் கடைசிக் கட்டத்துக்கு வைண்டிங் கடை அண்ணனை வரவழைத்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்தக் கட்டத்தைச் செய்யாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் உள்ள பாயிண்டில்தான் செருகினோம்.

பெல்ட் இல்லாமல் சுவிட்சைப் போட்டார் அண்ணன். உறுமலே இல்லை. 'விர்' என்று ஒரு விநாடியில் வேகம் பிடித்தது. இரண்டு மூன்று விநாடிக்குள் வேகம் பிடிக்காவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். நின்றபடி உறுமும் மோட்டார் வழக்கத்தைப்போல ஆறு மடங்கு மின்சாரம் இழுக்கும். சூடோ ஆறை ஆறால் பெருக்கி 36 மடங்கு! சில நிமிஷங்களில் காயில் வெந்துவிடுவதன் ரகசியம் இதுதான். குழவிக்கடியில் ஏதாவது சிக்கி மோட்டார் நின்றுபோனாலும், மின்சாரம் குறைந்த நேரத்தில் நிறைய மாவைப் போட்டு அரைத்தாலும் இதே கதிதான்.

"1.4 ஆம்பியர். பேர்ப் பலகையில 2.1 போட்டிருக்கு. ரொம்ப நல்லா இருக்கு அம்மிணி" என்றார் அண்ணன்.

பெல்ட்டை மாட்டி, ஒரு மணி நேரம் மாவு அரைத்தோம். பிறகு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரைத் தீர்த்துவிட்டு, உடனே ஓம் பார்த்தோம். செம்புக் கம்பி சூடானால் அதன் தடை கூடும். ஆகவே அதுவே ஒரு வெப்பமானி. 8 ஓம் 9.6 ஆகியிருந்தது. கணக்குப் போட்டால் காயில் ஏறத்தாழ 53 டிகிரி சூடேறியிருக்கிறது. அன்றைக்கு வெளியே 30 டிகிரி, ஆக 83. நாங்கள் போட்ட காகிதமும் வார்னிஷும் 130 டிகிரி வரை தாங்கக்கூடியவை. நல்ல இடைவெளி. காயில் தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழில்காரர்களின் கணக்கு.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் நாளைக்கே மோட்டாரைப் பிரிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் பம்புகளையும், மூன்று பேஸ் மோட்டார்களையும், உத்தரவாதக் காலம் முடியாதவற்றையும் வீட்டில் தொடவேண்டாம். ஆனால் கடைக்குக் கொடுத்தாலும் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் இப்போது உங்களுக்குத் தெரியும். 'செம்புக் கம்பிதானே? மெகர் பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது? எரிக்காமல் எடுத்தீர்களா?' என்று ஒரு பெண்மணி கேட்டால், கடைக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரே ஒரு வேலையை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் கிரைண்டரோ, வாஷிங் மெஷினோ, பிரிட்ஜோ, தொட்டால் 'சுருக்' என்கிறதா? ஈரக் கை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த் இணைப்பைத் தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ் வீட்டில் இப்போது கிரைண்டர் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு நாளும் அரைக்கத் தொடங்குமுன் அக்காவின் பெண் பச்சைக் கம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாளாம். அந்த வட்டப் படத்தைச் சிவப்பும் பச்சையுமாகச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே ஒரு பொட்டலத்தில் புளியங்கொட்டைகள்!

அடுத்த வாரம், மழைக்காலத்தில் வீட்டு மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். அதுவரை, ஜாக்கிரதை!